இலத்தீன் சொற்கள்: ஆயிரத்தையும் பாடமாக்க வேண்டுமா?

இரணைமடுக் காற்று (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எழுதி மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். பீடம் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. கனடாவில் இருக்கும் மாமா, "சும்மா இராமல் இலத்தீன் சொற்களைப் பாடமாக்கு, பிறகு உடற்கூற்றியல் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு" என்று சொல்லி ஒரு பட்டியலை அனுப்பினார். அமெரிக்காவில் உள்ள டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கும் பட்டியல் அது. சுமார் 1000 சொற்கள். இலத்தீன் நூல்களில் அடிக்கடி வருபவை என்று சேர்த்திருக்கிறார்கள்.

நாளுக்கு இருபது என்று தொடங்கினேன். ஐந்தாம் நாள் திரும்பிப் பார்த்தால் முதல் நாளின் இருபதில் ஆறுதான் மிஞ்சியிருந்தது. பட்டியலில் இருப்பவையும் பெல்லும், ஹொஸ்திஸ், கஸ்த்ர. போர், பகைவன், படைமுகாம். வாய்விட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டுவிட்டு, "இந்த மூன்றையும் அறிய நாங்கள் உரோமாபுரிக்கா போக வேண்டும்?" என்றார்.

என் கேள்விகள் இரண்டு. மாணவர் ஒருவருக்குக் கட்டாயம் தேவையான சொற்கள் எவை? அடுத்தது, தொடையென்புக்கு ஃபெமுர் என்று பெயர். அதனருகே ஓடும் நாடிக்கு மட்டும் ஃபெமொரல் என்று ஏன் பெயர்? அந்த உகரம் எங்கே போய் ஒகரம் எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டாலும் "அது அப்படித்தான்" என்கிறார்கள்.

பாலைப்பழம் (வவுனியா)

பிள்ளை, முதலில் வாழ்த்துகள். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்துவிட்டு இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருக்கிறவன் நான். உம்முடைய இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதற் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் "மரம்" என்ற சொல்லை மட்டும் பாடமாக்கினார் என்று வையும். ஐ உருபு சேர்க்கத் தெரியும். என்ன சொல்வார்? "மரமை வெட்டினேன்" என்பார். மரம் என்பது உருபு ஏற்கும்போது மரத்து ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீடு வீட்டு ஆவதும் அப்படியே. இலத்தீனிலும் இதே கதைதான். ஃபெமுர் என்பது எழுவாய் வடிவம். ஆறாம் வேற்றுமையில் அது ஃபெமொரிஸ். நாடியின் பெயர் இந்த இரண்டாவது வடிவத்திலிருந்து முளைத்தது. நீர் தேடிய ஒகரம் அங்கேதான் இருக்கிறது.

அகராதியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் இரண்டு வடிவங்களில் தருவது இதனால்தான். உடல்: கொர்புஸ், கொர்பொரிஸ். நுரையீரல்: புல்மோ, புல்மோனிஸ். பல்: தேன்ஸ், தெந்திஸ். இதயம்: கொர், கொர்திஸ். தலை: கபுத், கபிதிஸ். முதல் வடிவத்தை மட்டும் படித்தவர் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நிற்கிறார். கிளைச் சொற்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒன்று மட்டும் காட்டுகிறேன், பிறகு நீர் மறக்கமாட்டீர். ஒஸ், ஒஸ்ஸிஸ் என்றால் என்பு. ஓஸ், ஓரிஸ் என்றால் வாய். ஆங்கில எழுத்தில் முதல் வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. உடற்கூற்றியல் புத்தகத்தில் அந்த இரண்டெழுத்தைக் கண்டால் வாயா என்பா என்று இரண்டாவது வடிவந்தான் சொல்லும்.

ஆகவே உம்முடைய மாமாவின் பட்டியலை மூடி வையும். அது சீசர், வேர்ஜில் போன்ற பழைய உரோம எழுத்தாளர்களை வாசிக்கப் போகிறவர்களுக்கானது, அவர்கள் காலத்தில் போர்தான் பிழைப்பு. வளவுக்குள் இறங்கி நடவும். பனையின் பெயர் பொராஸுஸ் ஃப்ளாபெல்லிஃபெர். ஃப்ளாபெல்லும் விசிறி, ஃபெரோ என்றால் தாங்குகிறேன். விசிறி தாங்கி. பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே படிக்கலாம். தென்னை கோகோஸ் நுகிஃபெர, கொட்டை தாங்கி. முருங்கை மொரிங்க ஒலெயிஃபெர, எண்ணெய் தாங்கி. அதில் முதற்பாதி எங்கள் முருங்கையேதான், இலத்தீன் உடுப்புப் போட்டிருக்கிறது. மா மங்கிஃபெர இந்திக. மாங்காய் போர்த்துக்கேயர் வாயில் மங்காவாகி, பின்பு ஃபெர சேர்ந்து, மாங்காய் தாங்கி. நான்கு மரத்தில் ஒரு வினைச்சொல் கைக்கு வந்துவிட்டது. ஃபெர்ரும் என்று இரட்டை ரகரத்தோடு வந்தால் அது வேறு, இரும்பு. என் மாணவன் ஒருவன் இரண்டையும் குழப்பி மாமரத்தை இரும்பு மரம் ஆக்கினான்.

பால் வேறுபாட்டுக்கும் வளவே போதும். நாட்டு மாடு போஸ் இந்திகுஸ், மாமரம் மங்கிஃபெர இந்திக, எள் ஸேஸமும் இந்திகும். "இந்திய" என்ற ஒரே அடைமொழி, முன்னால் நிற்கும் பெயரைப் பார்த்து வால் மாற்றுகிறது. நல்ல மாடு, நல்ல மரம் என்று அடைமொழியை மாற்றாமல் விடுகிறோம் நாங்கள். அவர்களுக்கு அது முடியாது.

நேர்வழி (ஒட்டுசுட்டான்)

சேர் கோபிக்கக்கூடாது. நானும் தமிழ் மொழிமூலம் படித்து மருத்துவ பீடத்துக்குப் போய் வந்தவன். முதலாம் வருடத்தில் என்னை விழுத்தியது இலத்தீன் அல்ல, ஆங்கிலம். வினாத்தாளில் "அன்லெஸ்" என்ற ஒரு சிறு சொல்லைக் கவனியாமல் விட்டு ஒரு வினா முழுவதையும் தலைகீழாக எழுதினேன். என்புகளின் பெயர் எல்லாம் மனதில் இருந்தது. அவற்றை வைத்து வாக்கியம் எழுதத்தான் தெரியவில்லை. இருக்கும் சில மாதங்களில் தங்கச்சி ஆங்கிலப் பத்திரிகை நாளுக்கு ஒரு பக்கம் வாசித்தால் அதுவே பெரிய உதவி.

மற்றது, மருத்துவச் சொற்களில் சரிபாதி இலத்தீனே அல்ல. உறுப்பின் பெயர் இலத்தீன், அதற்கு வரும் நோயின் பெயர் பெரும்பாலும் கிரேக்கம். சிறுநீரகத்துக்கு இலத்தீனில் ரேன், ரேனிஸ். அதிலிருந்து ரீனல் நாடி. அதே சிறுநீரகத்தில் அழற்சி வந்தால் நெஃப்ரைற்றிஸ், அது கிரேக்க நெஃப்ரோஸ். தோலுக்குக் குதிஸ் என்று இலத்தீனில் படித்துவிட்டு தோல் வைத்தியரிடம் போனால் அவர் டேர்மற்றோலஜிஸ்ற். இலத்தீனைப் பாடமாக்கிவிட்டேன் என்று நிமிர்ந்து போனால் பாதி வழியில் கிரேக்கன் நின்று மறிப்பான்.

பாலைப்பழம் (வவுனியா)

கோபம் ஏன்? ஆங்கிலத்தைப் பற்றி நீர் சொன்னது முழுக்கச் சரி, கிரேக்கம் பற்றியதும் சரி. ஆனால் ரேன், நெஃப்ரோஸ் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படித்தால் நீர் சொன்ன சிக்கலே பாடம் ஆகிவிடுகிறது அல்லவா? ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர், ஒன்று பிறந்த வீட்டுப் பெயர், மற்றது நோயாளர் விடுதிப் பெயர்.

இன்னொன்று. தாவரவியலில் புதிய இனம் ஒன்றைக் கண்டால் அதன் விவரிப்பை இலத்தீனில் எழுத வேண்டும் என்ற விதி 2011 முடியும்வரை இருந்தது. 2012 தொடக்கம் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விட்டார்கள். பெயர் மட்டும் இன்றும் இலத்தீன் வடிவத்தில்தான். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் நிலைநாட்டிய இருசொற் பெயர்ப் பழக்கம் அவ்வளவு இலேசில் போகாது.

முறிகண்டிக் கச்சான் (ஏ9 வீதி ஓரம்)

எல்லா மரத்துக்கும் சொல்கிறீர்கள், கச்சானுக்கு இலத்தீன் இல்லையா?

பாலைப்பழம் (வவுனியா)

அராகிஸ் ஹிபொகேய. நிலத்துக்குக் கீழே இருப்பது என்று பொருள். உடுப்பு இலத்தீன், உடம்பு கிரேக்கம். ஒட்டுசுட்டான்காரர் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்.

குளிசைப் பை (முல்லைத்தீவு)

நான் மருந்து கொடுக்கும் பக்கத்தில் வேலை செய்கிறவள். எங்களுக்கு இலத்தீன் பாடம் அல்ல, சாப்பாடு. கிளினிக் கொப்பியில் வைத்தியர் கிறுக்குவதில் பாதி அதுதான். பி.டி. என்றால் பிஸ் தியே, நாளில் இரண்டு தரம். டி.டி.எஸ். என்றால் தெர் தியே ஸூமெந்தும், நாளில் மூன்று தரம் எடுக்கப்பட வேண்டியது. அந்த ஸூமெந்தும் என்ற ஒரு சொல்லைத் தமிழில் சொல்ல இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன, பாருங்கள். ஏ.சி. என்பது அந்தெ கிபும், சாப்பாட்டுக்கு முன். பி.சி. என்பது பொஸ்த் கிபும், சாப்பாட்டுக்குப் பின். மானே காலை, நொக்தே இரவு. பி.ஓ. என்றால் பெர் ஓஸ், வாய் வழியாக. சேர் சொன்ன அதே ஓஸ். நல்ல வேளையாக யாரும் அதை என்பு என்று விளங்கிக்கொள்வதில்லை.

எஸ்.ஓ.எஸ். பற்றி ஒரு கதை. முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு ஐயாவுக்குக் கால் உளைவுக்குப் பனடோல் எழுதி அதன் பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று போட்டிருந்தார்கள். ஸீ ஒபுஸ் ஸித், தேவையானால் மட்டும் என்று அர்த்தம். ஐயாவின் மகன் கொஞ்சம் படித்தவர். வீட்டுக்குப் போய்க் கொப்பியைப் பார்த்திருக்கிறார். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயச் செய்தி என்றுதான் அவருக்கு அந்த மூன்றெழுத்தைத் தெரியும். தகப்பனாரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டார். எங்கள் வாசலால்தான் போக வேண்டும், அதனால் பிடித்து நிறுத்தினோம். ஐயா பின்னால் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பகிடி ஒரு பக்கம். இந்தச் சுருக்கங்கள் ஆபத்தானவை. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு தரம் என்று ஒருவர் எழுதுவார், கண் வைத்தியர் ஒகுலுஸ் தெக்ஸ்தெர், வலது கண் என்று எழுதுவார். அதனால்தான் பல நாடுகளில் முழுச் சொல்லாகவே எழுதச் சொல்கிறார்கள். ஆனால் தங்கச்சி, நீங்கள் விடுதிக்குப் போகும் நாளில் இவை இருக்கும். இந்த ஒன்பதையும் முதலில் படியுங்கள்.

மடு வீதி (மன்னார்)

நான் சில வருடங்கள் குருமடத்தில் இருந்து, பிறகு குடும்பம் என்று வந்துவிட்டவன். இலத்தீனோடு பழைய சகவாசம் உண்டு.

எங்கள் அம்மம்மா நெல் காயவைக்கும்போது "ஓராப்புறோநோபிஸ்" என்று ஒரே சொல்லாக முணுமுணுப்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், அதாவது 1960களுக்கு முன், பூசை இலத்தீனில்தான். பிரார்த்தனை மாலைக்கு மக்கள் சொல்லும் மறுமொழி அது. ஓரா புரோ நோபிஸ், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அர்த்தம் தெரியாமலே அறுபது வருடம் சொன்னார். குருமடத்தில் படித்துவிட்டு வந்து, "அம்மம்மா, ஓரா என்பது ஒருவருக்குச் சொல்வது, பலராக இருந்தால் ஓராதெ" என்று திருத்தினேன். "மாதா ஒருவர்தானே" என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

பிள்ளை, நீர் ஆயிரம் சொல்லில் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை. உம்முடைய வீட்டுக்குள் ஏற்கெனவே இலத்தீன் இருக்கிறது, போர்த்துக்கேயர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. இருக்கிற கதிரை கதெட்ர, அது அவர்கள் கிரேக்கரிடம் வாங்கியது. ஆயரின் கதிரை இருக்கும் கோவில் என்பதால்தான் பேராலயத்துக்குக் கதீட்ரல் என்று பெயர். மேசை மேன்ஸ. அலுமாரி அர்மாரியும். குசினி கொக்வீன. பாண் பானிஸ். நத்தார் நாத்தாலிஸ், பிறப்புக்குரிய நாள். கள்ளுத் தவறணைகூட தபெர்ன. விசுக்கோத்து பிஸ் கொக்துஸ், இரண்டு தரம் வெந்தது. அக்கா எழுதிய பி.டி.யில் இருக்கும் அதே பிஸ்தான் விசுக்கோத்தின் தலையிலும் இருக்கிறது. சாவி கிளாவிஸ். அதன் குட்டி கிளாவிகுல, சின்னச் சாவி. அதுதான் உம்முடைய காறையென்பு. இனி அந்த என்பைத் தொடும்போது சாவிக்கொத்து ஞாபகம் வராவிட்டால் என்னைக் கேளும்.

உரோமர் உடம்பைப் பார்த்துக் கவிதை எழுதவில்லை, வீட்டுச் சாமான்தான் கண்டார்கள். முழங்காற்சில்லு பதெல்ல, சின்னத் தட்டு. கணைக்காலின் பெரிய என்பு தீபிய, குழல். பக்கத்தில் இருக்கும் மெல்லிய என்பு ஃபீபுல, சீலை குத்தும் ஊசி. தசை முஸ்குலுஸ், சுண்டெலி. புயத்தை மடக்கி நிமிர்த்திப் பாரும், தோலுக்குக் கீழே எலி ஓடும்.

எழுதிவைக்கும் முறைக்கும் ஒரு யோசனை. தமிழ் எழுத்தில் எழுதும். சிரிக்க வேண்டாம். இலத்தீனில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறும். வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். லிபெர் புத்தகம், லீபெர் சுதந்திரமானவன். மலும் தீமை, மாலும் அப்பிள். ஆங்கில எழுத்தில் இதைக் காட்ட மேலே கோடு கீற வேண்டும், அவர்களே பாதி நேரம் கீறுவதில்லை. எங்களுக்கு எகரமும் ஏகாரமும் தனித்தனியே இருக்கின்றன. சேர் மேலே ஒஸ், ஓஸ் என்று எழுதியபோது யாருக்காவது குழம்பியதா?

கடைசி வால் ஒட்டுகளையும் பாரும். க்வெ என்று சொல்லின் வாலில் ஒட்டினால் எங்கள் உம். ஸெனாதுஸ் பொபுலுஸ்க்வெ, செனற் சபையும் மக்களும். நெ என்று ஒட்டினால் எங்கள் ஆ. வேனித்னெ? வந்தானா? வினை பெரும்பாலும் கடைசியில் நிற்கும், எழுவாயை விழுங்கிவிட்டு வினையின் வாலைப் பார்த்து ஆளை அறியலாம். ஆங்கிலேயப் பிள்ளை இதைப் படிக்கத் தலையைச் சொறியும். எங்களுக்கு இது அயல் வீடு.

நேர்வழி (ஒட்டுசுட்டான்)

தமிழ் எழுத்தில் எழுதினால் பகரம் ஒன்றுதானே? குடிக்கிறேன் என்பதற்கு பிபோ என்று எழுதினால் முதல் எழுத்தை வல்லோசையாக வாசிப்பதா மெல்ல வாசிப்பதா? பரீட்சைத் தாளில் எழுத்துப் பிழைக்கும். அங்கே தமிழ் எழுத்து உதவாது.

மடு வீதி (மன்னார்)

ஒத்துக்கொள்கிறேன். குறில் நெடிலுக்குத் தமிழ் எழுத்து, மெய்க்கு அவர்களுடைய எழுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டியதுதான். உச்சரிப்பிலும் ஒரு எச்சரிக்கை: சமாதானத்தைக் கோவிலில் பாச்செம் என்போம், பழைய உரோமர் வழியில் அது பாகெம். வைத்தியர்கள் இரண்டையும் விட்டு ஆங்கிலேயர் வாயால் சொல்வார்கள். கேட்டுத் திடுக்கிட வேண்டாம்.

வழக்கேடு (வவுனியா)

சட்டம் படிக்கிறேன். சேர் எழுதிய கொர்புஸ், கொர்பொரிஸ் கண்ணில் பட்டதால் எழுதுகிறேன்.

ஹபெயாஸ் கொர்புஸ். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "உடலை நீ வைத்திருக்க வேண்டும்", அதாவது ஆளைக் கொண்டுவந்து மன்றின் முன் நிறுத்து என்று தடுத்துவைத்திருப்பவருக்கு இடும் கட்டளை. 2009இல் படையினரிடம் சரணடைந்த பின் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக உறவினர்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தவை இந்த மனுக்கள்தான். ஊரில் இந்த இரண்டு இலத்தீன் சொற்களையும் இலத்தீன் என்று தெரியாமலே பிழையில்லாமல் உச்சரிக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். புத்தகத்தில் இருந்தபடி உடல் என்று தொடங்கிவிட்டேன். அவர் முகத்தைக் கண்டதும் நிறுத்தினேன். கொர்புஸ் என்பதற்கு உயிரோடு இருக்கும் ஆள் என்ற பொருளும் உண்டு, மனுவில் அதுதான் பொருள். தமிழாக்கியவர் யாரோ, உடல் என்று எழுதாமல் ஆட்கொணர்வு என்று எழுதினார். அகராதிக்காரர் செய்யாத வேலை அது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் சொல்கிறேன்.

இரணைமடுக் காற்று (கிளிநொச்சி)

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். பட்டியலை மூடிவிட்டேன். கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வடிவம், ஒரு வீட்டுச் சாமான் அல்லது மரம், பக்கத்தில் கிரேக்கப் பெயர் இருந்தால் அதுவும். நாளுக்கு ஏழு சொற்களுக்கு மேல் இல்லை. நேர்வழி அண்ணா சொன்ன ஆங்கிலப் பக்கமும் நடக்கிறது, அது இன்னும் கசக்கிறது. நேற்றுவரை எண்பத்தொரு சொற்கள். தம்பியைக் கேள்வி கேட்கச் சொன்னேன், எழுபத்து மூன்று சரி. அவன் இப்போது குசினிக்குப் போகும்போதெல்லாம் கொக்வீனவுக்குப் போகிறேன் என்கிறான்.

வன்னி மரத்துக்கும் பெயர் தேடினேன். புரொஸோபிஸ் கிநெராரிய. கினிஸ், கிநெரிஸ் என்றால் சாம்பல். இரண்டாவது வடிவத்திலிருந்து முளைத்திருக்கிறது என்று நானாகவே கண்டுபிடித்தேன் சேர். அம்மாவுக்குச் சொன்னேன். "வன்னிக்குச் சாம்பல் என்று பெயர் வைக்க அவர்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

குளிசைப் பை அக்காவிடம் ஒரு கேள்வி. நேற்று அம்மம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து வாசித்துப் பார்த்தேன். பிரஷர் குளிசைக்கு மானே. கொழுப்புக் குளிசைக்கு நொக்தே. இன்னொன்றுக்கு பி.டி. அம்மம்மா இத்தனை நாளும் மறந்துபோகும் என்று மூன்றையும் காலைத் தேநீரோடு ஒரேயடியாகப் போட்டிருக்கிறார். பி.டி. குளிசை இரண்டையும் ஒன்றாய். இன்றிரவிலிருந்து நான் பிரித்துக் கொடுக்கட்டுமா?

குளிசைப் பை (முல்லைத்தீவு)

வேண்டாம் தங்கச்சி, நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். இரண்டை ஒன்றாய்ப் போட்டுக்கொண்டு இருந்தவருக்கு இரத்த அழுத்தமும் மற்றதும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பியையும் மிச்சக் குளிசைகளை அப்படியே பையோடும் கொண்டுபோய், எத்தனை நாளாக இப்படிப் போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன பிறகு காலைப் பைக்கு மேல் சூரியனும் இரவுப் பைக்கு மேல் நிலாவும் கீறிக் கொடுங்கள். அம்மம்மாவுக்கு மானே, நொக்தே வேண்டாம்.